காரில் வயர்லெஸ் சார்ஜிங்: கொங்கு வெயிலுக்கும் மலைப்பாதைக்கும் ஏற்ற முழுமையான வழிகாட்டி

கோவையிலிருந்து ஈரோடு ஏறத்தாழ 100 கிலோமீட்டர். வழியில் அவிநாசியில் ஒரு வேலை, பெருந்துறையில் ஒரு வேலை என்று நாலு இடத்தில் இறங்கி ஏறுகிறவருக்கு, ஒவ்வொரு முறையும் கைபேசிக்குச் சார்ஜ் கேபிளைத் தேடிச் செருகுவதும் இறங்கும்போது பிடுங்குவதும் பெரிய தொல்லை. அந்தத் தொல்லையைத் தீர்ப்பதற்குத்தான் காரில் வயர்லெஸ் சார்ஜர்; கேபிள் செருகாமல், கைபேசியை அதன்மேல் வைத்தாலே சார்ஜ் ஏறும். பேட்டரியை வேகமாக நிரப்புவது மட்டுமே உங்கள் நோக்கம் என்றால், இதைப் படித்து நேரத்தைச் செலவிட வேண்டாம். நல்ல கேபிளும் நல்ல அடாப்டரும் அந்த வேலையை இதைவிடக் குறைந்த விலையில், குறைந்த சூட்டில் செய்துவிடும்.

கடையில் முதலில் எழும் கேள்வி "எத்தனை வாட்?" என்பதாகவே இருக்கிறது. நம் பகுதியைப் பொறுத்தவரை அந்தக் கேள்வி இரண்டாவது இடத்துக்குப் போக வேண்டும். கரூரிலும் ஈரோட்டிலும் சேலத்திலும் சித்திரை மாதத்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்களில், பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் வாட் அளவை உங்கள் கைபேசி ஏற்றுக்கொள்ளாது; சூடேறியதும் சார்ஜ் ஏறும் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், சில நேரம் நிறுத்தியும் விடும். ஆகவே எந்தச் சார்ஜர், எந்த இடத்தில், எப்படிப்பட்ட ஒயரில் என்ற முடிவுகள் அனைத்தையும் சூட்டைக் கணக்கில் வைத்தே எடுக்க வேண்டும் என்பதுதான் இந்த வழிகாட்டியின் அடிப்படை.

பேட்டுக்குள் என்ன நடக்கிறது

சார்ஜர் பேட்டுக்குள், அதாவது கைபேசியை வைக்கும் தட்டையான பகுதிக்குள், செம்புக் கம்பியால் ஆன சுருள் ஒன்று இருக்கிறது. கைபேசியின் முதுகுப் பக்கத்திலும் அதேபோல ஒன்று இருக்கிறது. பேட்டின் சுருளில் விநாடிக்கு ஒரு லட்சம் முறைக்கும் மேல் திசை மாறும் மின்னோட்டம் செலுத்தப்படும்போது மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலம் உருவாகி, அது கைபேசியின் சுருளில் மின்சாரத்தைத் தூண்டுகிறது. 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான் இது. காயில் கட்டும் பட்டறைகள் தெருவுக்குத் தெரு உள்ள கோவையில் இதற்குமேல் விளக்கம் தேவைப்படாது. டிரான்ஸ்ஃபார்மரில் இரண்டு சுருள்களையும் ஒரே இரும்பு உள்ளகம் இணைத்திருக்கும்; இங்கே இரண்டு சுருள்களுக்குப் பின்னாலும் காந்தப்புலத்தை வழிநடத்தும் ஃபெரைட் தகடுகள் உண்டு என்றாலும், நடுவில் இருப்பது கைபேசியின் கண்ணாடியும் பவுச்சும் கொஞ்சம் காற்றும் மட்டுமே. அதனால்தான் சுருள்கள் சில மில்லிமீட்டர் விலகினாலும் மின்சாரம் வீணாகி வெப்பமாக மாறுகிறது.

கைபேசியும் பேட்டும் இடைவிடாமல் பேசிக்கொண்டிருப்பதும் இதில் முக்கியம். எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்பதைக் கைபேசி தன் சுருளின் சுமையைச் சிறிது மாற்றி மாற்றிக் குறிப்பாகச் சொல்கிறது. பேட் அதற்கேற்பக் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது. அனுப்பிய அளவுக்கும் கைபேசி பெற்றதாகச் சொல்லும் அளவுக்கும் இடையே விளக்க முடியாத வித்தியாசம் வந்தால், நடுவில் நாணயமோ சாவியோ கிடக்கிறது என்று முடிவுசெய்து சார்ஜர் நின்றுவிடும். தரமான சார்ஜருக்கும் மலிவான போலிக்கும் இடையிலான உண்மையான வேறுபாடு பெரும்பாலும் இந்தச் சோதனையில்தான் இருக்கிறது.

இதற்கான பொதுத் தரம் க்யூஐ (Qi). 2008-இல் தொடங்கப்பட்ட வயர்லெஸ் பவர் கன்சார்டியம் என்ற அமைப்பு 2010-இல் இதன் முதல் பதிப்பை வெளியிட்டது. அப்போது உச்ச அளவு 5 வாட். பின்னர் 15 வாட் வரை செல்லும் விரிவாக்கப்பட்ட வகை வந்தது. ஆப்பிள் நிறுவனம் 2020-இல் ஐபோன் 12 உடன் அறிமுகப்படுத்திய மேக்சேஃப் என்ற காந்த வளைய முறையை அடிப்படையாகக் கொண்டு, 2023-இன் தொடக்கத்தில் அறிவிக்கப்பட்ட க்யூஐ2 தரத்தின்படியான சார்ஜர்கள் அந்த ஆண்டின் இறுதியில் கடைக்கு வரத் தொடங்கின. 2025-இல் அதன் 25 வாட் வகையும் அறிவிக்கப்பட்டது. காருக்கு க்யூஐ2-இன் பெரிய ஆதாயம் வாட் அல்ல, காந்தம். அதற்குக் காரணம் கீழே வருகிறது.

முதலில் கைபேசியைப் பாருங்கள்

சார்ஜர் வாங்கும் முன் உங்கள் கைபேசியில் இந்த வசதி இருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். நடுத்தர விலையில் விற்கும் கைபேசிகளில் பெரும்பாலானவற்றில் வயர்லெஸ் சார்ஜிங் கிடையாது; 5ஜி இருப்பதாலோ 67 வாட் கேபிள் சார்ஜிங் இருப்பதாலோ இதுவும் இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. ஐபோன்களில் 2017-இல் வந்த 8, எக்ஸ் மாடல்கள் முதல் உண்டு. சாம்சங்கின் கேலக்ஸி எஸ் வரிசையிலும் கூகுளின் விலை கூடிய பிக்சல் மாடல்களிலும் உண்டு. மற்றவற்றுக்கு அந்தந்த நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ள விவரப் பட்டியலைப் பார்ப்பதே பாதுகாப்பானது.

அடுத்ததாக, உங்கள் கைபேசி எந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளும் என்று பார்க்க வேண்டும். காந்தம் இல்லாத சாதாரண க்யூஐ பேட்டில் ஐபோன்கள் பொதுவாக 7.5 வாட் அளவுக்கே எடுத்துக்கொள்ளும். மேக்சேஃப் அல்லது க்யூஐ2 சார்ஜரில்தான் 15 வாட்டை எட்டும். சில நிறுவனங்கள் 50 வாட் வயர்லெஸ் என்று விளம்பரம் செய்வது அவர்களுடைய சொந்த சார்ஜர் ஸ்டாண்டில் மட்டுமே கிடைக்கும் வேகம். அதே கைபேசியை வேறு நிறுவனத்தின் கார் சார்ஜரில் வைத்தால் பொதுத் தர அளவுக்கு இறங்கிவிடும். கேலக்ஸி எஸ்25 போன்றவை க்யூஐ2-க்குத் தயார் என்று சொல்லப்பட்டாலும் உள்ளே காந்தம் கிடையாது; காந்த வளையம் பதித்த பவுச் போட்டால்தான் காந்த ஹோல்டரில் நிற்கும். ஐபோன் வரிசையிலும் எஸ்இ, 16இ மாடல்களில் காந்தம் இல்லை.

வசதி இல்லாத கைபேசிக்கு யுஎஸ்பி-சி துளையில் செருகிப் பவுச்சுக்குள் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய ரிசீவர் தகடுகள் கிடைக்கின்றன. அவை மெதுவாகவே ஏற்றும். சூட்டைப் பவுச்சுக்குள்ளேயே அடைத்து வைக்கும். கேபிள் செருகும் துளையையும் எப்போதும் அடைத்துக்கொண்டிருக்கும். காருக்கு இவை வேண்டாம் என்பதே என் கருத்து.

வாட் கணக்கு

ஒரு பயணத்துக்கு எவ்வளவு தேவை என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் வாட் மோகம் தானாகவே குறையும். 5000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி, 3.85 வோல்ட் அளவில், ஏறத்தாழ 19 வாட் மணி ஆற்றலைக் கொள்ளும். வரைபடம் திறந்து, திரை வெளிச்சத்தோடு ஓடும்போது கைபேசி சராசரியாக 3 வாட் செலவழிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கோவையிலிருந்து ஈரோடு போய்ச் சேரும் 2 மணி நேரத்தில் அது 6 வாட் மணியைத் தின்னும். கைபேசிக்குள் 5 வாட் மட்டுமே வந்து சேர்ந்தால் மொத்தம் 10 வாட் மணி. செலவு போக மிச்சம் 4, அதாவது ஐந்தில் ஒரு பங்கு பேட்டரி. 10 வாட் வந்து சேர்ந்தால் மிச்சம் 14 வாட் மணி, ஏறத்தாழ முக்கால் பங்கு. ஆகவே 10 வாட் அளவில் சூடேறாமல் தொடர்ந்து ஏறும் சார்ஜர், 15 வாட் என்று தொடங்கிப் பத்து நிமிடத்தில் சுருண்டுவிடும் சார்ஜரைவிட மேலானது.

சார்ஜருக்குள் நுழையும் மின்சாரம் முழுவதும் பேட்டரிக்குப் போவதில்லை. சுருள்கள் நன்றாகப் பொருந்தியிருக்கும்போதும் 70 முதல் 80 சதவீதம்தான் மறுபக்கம் சேரும். 20 வாட் உள்ளே போனால் 15 வாட் பயன்படும், 5 வாட் வெப்பமாகும் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். இதனால்தான் 15 வாட் சார்ஜருக்கு 20 வாட் அடாப்டர் கேட்கிறார்கள்.

பழைய கார்களின் டேஷ்போர்டில் உள்ள யுஎஸ்பி துளை பெரும்பாலும் பென் டிரைவில் பாட்டுக் கேட்பதற்காக வைத்தது. 5 வோல்ட்டில் அரை ஆம்பியர் முதல் ஒரு ஆம்பியர் வரைதான் தரும். அதில் வயர்லெஸ் சார்ஜரைச் செருகினால் விளக்கு எரியும், சார்ஜ் ஏறாது. அல்லது சார்ஜ் ஏறுவதும் நிற்பதுமாக இருக்கும். 12 வோல்ட் லைட்டர் சாக்கெட்டில், 9 வோல்ட் தரக்கூடிய பவர் டெலிவரி (PD) வகை யுஎஸ்பி-சி அடாப்டர் ஒன்றைச் செருகி, அதிலிருந்து எடுப்பதே சரி. குறைந்தது 20 வாட், முடிந்தால் 30 வாட். கேபிளும் 3 ஆம்பியர் தாங்குவதாக இருக்க வேண்டும். சார்ஜரோடு வரும் கேபிளையே பயன்படுத்துங்கள். மேஜை இழுப்பறையில் கிடந்த பழைய கேபிளைப் போட்டுவிட்டுச் சார்ஜரைக் குறை சொல்வது வழக்கமாகிவிட்டது.

வெயில்

லித்தியம் அயன் பேட்டரிக்கு வெப்பம் எதிரி. ஆப்பிள் தன் கைபேசிகளை 0 முதல் 35 டிகிரி வரையுள்ள சூழலில் பயன்படுத்தவும், நிறுத்திய காருக்குள் விட்டுச்செல்லாமல் இருக்கவும் சொல்கிறது. காலை 11 மணிக்கு வெளியே 36 டிகிரி இருக்கும் நாளில், கண்ணாடி ஏற்றி வெயிலில் நிறுத்திய காரின் உட்புறம் ஒரு மணி நேரத்துக்குள் அதைவிட 20 டிகிரி அளவுக்கு உயர்ந்துவிடும். நேரடியாக வெயில் படும் கறுப்பு டேஷ்போர்டின் மேற்பரப்பு அதையும் தாண்டும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்தில் வெளியே இதமாக இருக்கலாம். ஆனால் மூடிய காருக்குள் அந்தக் காற்று நுழைவதில்லை.

இந்த நிலையில் காரில் ஏறியவுடன் கைபேசியை சார்ஜரில் வைத்தால், சார்ஜர் ஏற்கெனவே சூடாக இருக்கும். கைபேசி வரைபடத்தையும் அழைப்பையும் டேட்டாவையும் ஓட்டிக்கொண்டிருக்கும். அதற்கு மேல் சுருள்களின் வெப்பமும் சேரும். சில நிமிடங்களில் சார்ஜ் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது என்ற அறிவிப்பு திரையில் தோன்றும். இதைக் கோளாறு என்று எண்ணிப் பலர் சார்ஜரை மாற்றுகிறார்கள். கைபேசி தன் பேட்டரியைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்யும் வேலைதான் அது. சார்ஜரை மாற்றினாலும் அதே அறிவிப்புதான் வரும்.

செய்ய வேண்டியது இது. வெயிலில் நின்ற காரில் ஏறியதும் முதலில் கண்ணாடிகளை இறக்கி உள்ளே அடைபட்ட அனலை வெளியேற்றுங்கள். ஏசி போட்டுக் கார் ஓரளவு குளிர்ந்த பிறகு, ஐந்து பத்து நிமிடம் கழித்து, கைபேசியை வையுங்கள். சார்ஜர் ஹோல்டர் டேஷ்போர்டின் மேல் இருக்குமானால், நிறுத்தும்போது முன் கண்ணாடிக்கு மறைப்பு வைப்பது இரட்டைப் பயன் தரும். நீண்ட பயணத்தில் திரையின் வெளிச்சத்தைத் தானியங்கி நிலையில் விடாமல் தேவையான அளவுக்குக் கையால் குறைத்துவிடுங்கள். பேட்டரியை 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி உங்கள் கைபேசியில் இருந்தால் காரில் அதை எப்போதும் இயக்கி வைக்கலாம். மேல் இருபது சதவீதத்தை வெயிலில் ஏற்றுவதால் பேட்டரியின் ஆயுள்தான் குறைகிறது.

கைபேசியின் செயலிகளைக் காரின் திரையில் காட்டும், கேபிள் இல்லாத ஆண்ட்ராய்டு ஆட்டோவும் கார்ப்ளேயும் கைபேசியை வைஃபை வழியாகத் தொடர்ந்து தரவு அனுப்ப வைக்கின்றன. வயர்லெஸ் சார்ஜிங், வயர்லெஸ் ஆண்ட்ராய்டு ஆட்டோ அல்லது கார்ப்ளே, ஜிபிஎஸ் மூன்றும் ஒன்றாக ஓடினால் கோடையில் சூடு தவிர்க்க முடியாதது. ஏப்ரல், மே மாதங்களில் நெடுந்தூரம் போகும்போது மட்டுமாவது கேபிள் செருகி ஓட்டுவதில் குறைவொன்றும் இல்லை.

எந்த வகை, எந்த இடம்

சந்தையில் கிடைப்பவற்றை மூன்றாகப் பிரிக்கலாம். கியர் பக்கத்தில் கிடைமட்டமாக இருக்கும் பேட். இரண்டு கைகளால் கைபேசியைக் கவ்வும் ஹோல்டர். காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் ஹோல்டர். ஹூண்டாய் வென்யூ 2019-இல் வந்தபோதே அதன் மேல் வகைகளில் நிறுவனமே பொருத்திய பேட் இருந்தது. இன்று பல நிறுவனங்களின் உயர் வகைகளில் இது உண்டு.

கிடைமட்டப் பேட்டின் பலவீனம் நம் மலைப்பாதைகளில் வெளிப்படும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள், திம்பத்தில் 27, கொல்லிமலையில் 70. ஒவ்வொரு வளைவிலும் கைபேசி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்ந்தால் சுருள்கள் விலகும், சார்ஜ் நிற்கும், மீண்டும் தொடங்கும், ஒவ்வொரு முறையும் ஓசை எழுப்பித் திரை ஒளிரும். ஓட்டுநரின் கண்ணை இழுப்பதற்கு இதைவிட மோசமான ஏற்பாடு வேண்டியதில்லை. பேட்டில் உள்ள ரப்பர் தளம் தேய்ந்திருந்தால் அதை மாற்றுங்கள், அல்லது அதன் மேல் மெல்லிய வழுக்காத விரிப்பை அளவாக வெட்டிப் போடுங்கள். பின்புற கேமரா மேடு உயரமாக உள்ள கைபேசிகள் பேட்டின் மேல் சாய்ந்து நிற்கும். அவற்றுக்கு ஒற்றைச் சுருள் பேட்டைவிடப் பல சுருள்கள் கொண்ட பேட் பொருத்தமானது.

கவ்வும் ஹோல்டர் எல்லாக் கைபேசிக்கும் பொருந்தும். ஆனால் மடக்குக் கைபேசிகளிலும் மிக உயரமான கைபேசிகளிலும் அதன் சுருள் கைபேசிச் சுருளுக்கு நேராக வருவதில்லை. அடிப்பாதத்தின் உயரத்தை மாற்ற முடிகிற வகையை வாங்கினால் இதைச் சரிசெய்யலாம்.

காந்த ஹோல்டரில் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. காந்த வளையம் கைபேசியைச் சரியான இடத்துக்குத் தானே இழுத்துக்கொள்வதால் சுருள்கள் எப்போதும் நேருக்கு நேர் இருக்கும். வீணாகும் மின்சாரம் குறையும், அதனால் சூடும் குறையும். வாட் அல்ல, காந்தம்தான் ஆதாயம் என்று மேலே சொன்னதற்குக் காரணம் இதுவே. காந்தக் கைபேசி வைத்திருப்பவர் வேறு வகையை யோசிக்கவே தேவையில்லை.

இடத்தைப் பொறுத்தவரை, நம் தட்பவெப்பத்துக்கு ஏசி வென்ட்டின் முன்னால் பொருத்துவது முதல் தேர்வு. குளிர்காற்று நேராகக் கைபேசியின் முதுகில் படும். வேறு எந்த இடத்திலும் விசிறி வைத்த சார்ஜர்கூட இந்த அளவுக்குக் குளிர்விக்காது. வென்ட் தகடு மெலிதாக இருந்தால் 200 கிராமுக்கு மேல் எடையுள்ள கைபேசியையும் ஹோல்டரையும் சேர்த்துத் தாங்காமல் உடையலாம்; தகட்டின் பின்பக்கம் கொக்கியாகப் பிடித்துத் திருகி இறுக்கும் வகையையும், கீழே ஊன்றுகால் உள்ள வகையையும் பாருங்கள். வட்ட வடிவ வென்ட் உள்ள கார்களுக்கு இவை பெரும்பாலும் பொருந்தாது. விதிவிலக்கு ஒன்று உண்டு: ஏற்காடு, வால்பாறையில் அதிகாலைக் குளிருக்கு ஹீட்டர் போட்டால் அந்த வென்ட்டை மூடிவிட வேண்டும்.

முன் கண்ணாடியில் ஒட்டும் ரப்பர் உறிஞ்சிகள் வெயிலில் பிடியை இழந்து விழும். அவை பார்வையையும் மறைக்கும். டேஷ்போர்டின் மேல் ஏர்பேக் என்று எழுதிய மூடிகளிலும் அவற்றை ஒட்டிய இடங்களிலும் எதையும் ஒட்டக் கூடாது. ஏர்பேக் விரியும் வேகத்தில் அந்த ஹோல்டர் முகத்தை நோக்கிப் பறந்து வரும்.

பொருத்துதல்: சாக்கெட் வழி

பெரும்பாலானவர்களுக்கு இதுவே போதும். அடாப்டரை லைட்டர் சாக்கெட்டில் அழுத்திச் செருகி ஆட்டிப் பாருங்கள்; தளர்வாக இருந்தால் மேடுபள்ளத்தில் தொடர்பு விட்டுவிட்டு வரும், அந்தத் தொடர்பு முனையே சூடேறிப் பிளாஸ்டிக் உருகும். அரை மணி நேரம் ஓட்டிய பின் அடாப்டரைத் தொட்டுப் பார்த்து, விரல் வைக்க முடியாத சூடு இருந்தால் அதை மாற்றிவிடுங்கள். கேபிளை கியருக்கும் ஹேண்ட் பிரேக்குக்கும் குறுக்கே தொங்கவிடாமல், கன்சோலின் ஓரமாக ஒட்டும் கிளிப்புகளால் கொண்டுவாருங்கள். அடாப்டரைச் செருகியவுடன் எஃப்எம்மில் இரைச்சல் கேட்டால் அடாப்டரின் உள்சுற்றில் வடிகட்டுதல் சரியில்லை என்று பொருள். ஆன்டெனாவைக் குற்றம் சொல்ல வேண்டாம்.

சில கார்களில் சாவியை எடுத்த பின்னும் சாக்கெட்டில் மின்சாரம் இருக்கும். வண்டியை அணைத்துவிட்டு அடாப்டரின் விளக்கு எரிகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். எரிந்தால், வாரக் கணக்கில் வண்டியை நிறுத்தும்போது அடாப்டரைப் பிடுங்கிவிடுங்கள்.

பொருத்துதல்: ஃபியூஸ் பெட்டி வழி

சாக்கெட்டை வேறு எதற்காவது விட்டுவைக்க வேண்டும், ஒயர் வெளியே தெரியக் கூடாது என்று விரும்புகிறவர்கள் நிலையான ஒயரிங்குக்குப் போகலாம். "ஒயரைச் சீவி முறுக்கி டேப் சுத்திடலாமுங்க, ஒண்ணும் ஆகாதுங்க" என்று சொல்லும் கடையில் அந்த வேலையைக் கொடுக்காதீர்கள். நிறுவனத்தின் ஒயரை வெட்டி இணைப்பதால் வாரண்டி சிக்கலும், காலப்போக்கில் இணைப்பு தளர்ந்து தீப்பிடிக்கும் ஆபத்தும் இருக்கின்றன. ஒயரைத் தொடாமல் ஃபியூஸ் பெட்டியிலிருந்தே எடுக்க ஃபியூஸ் டேப் (fuse tap; ஒட்டும் டேப் அல்ல) என்ற சிறு இணைப்பான் கிடைக்கிறது. மின்வேலை பழக்கம் இல்லாதவர்கள் நல்ல ஆட்டோ எலக்ட்ரீசியனிடம் கொடுத்து, கீழே சொல்லும் வரிசைப்படி செய்கிறாரா என்று பக்கத்தில் நின்று பார்க்கலாம்.

முதலில் ஓட்டுநர் கையேட்டைப் பார்த்து, காருக்குள் இருக்கும் ஃபியூஸ் பெட்டியில் சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் ஃபியூஸ் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மல்டிமீட்டரில் சோதித்தால் சாவி போட்டதும் 12 வோல்ட், எடுத்ததும் பூஜ்ஜியம் காட்ட வேண்டும். ஏர்பேக், ஏபிஎஸ், இன்ஜின் கட்டுப்பாடு, ஸ்டியரிங் ஆகியவற்றின் ஃபியூஸ்களை எந்தக் காரணத்துக்காகவும் தொடக் கூடாது. லைட்டர் சாக்கெட், பின் கண்ணாடி வைப்பர் போன்றவை பொருத்தமானவை.

பிறகு பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். ஃபியூஸில் மினி, லோ புரொஃபைல் மினி, சாதாரணம் என்று அளவுகள் உள்ளன. உங்கள் காரில் இருக்கும் அதே அளவு ஃபியூஸ் டேப்பை வாங்க வேண்டும். டேப்பில் இரண்டு இடங்கள் இருக்கும். ஒன்றில் பழைய ஃபியூஸ் அப்படியே போகும். மற்றொன்றில் சார்ஜருக்கான புதிய ஃபியூஸ். 12 வோல்ட்டை யுஎஸ்பி-சி ஆக மாற்றி 20 வாட் தரும் மாற்றிப் பெட்டி ஏறத்தாழ 2 ஆம்பியர்தான் இழுக்கும் என்பதால் 3 ஆம்பியர் ஃபியூஸ் போதும். 30 வாட் மாற்றிக்கு 5 ஆம்பியர். எரிந்து போகிறது என்று 15 ஆம்பியர் போடுவது, ஒயர் எரியட்டும் என்று விடுவதற்குச் சமம்.

டேப்பைத் தலைகீழாகவும் செருக முடியும். அப்போது புதிய வரியின் சுமையும் பழைய ஃபியூஸ் வழியாகவே ஓடும். இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை இருக்கிறது. பேட்டரியை மீண்டும் இணைத்துச் சாவி போட்டபின், டேப்பில் உள்ள பழைய ஃபியூஸை மட்டும் உருவிவிட்டுப் பாருங்கள். புதிய வரியில் மின்சாரம் தொடர்ந்து இருந்தால் திசை சரி. நின்றுவிட்டால் டேப்பை எடுத்துத் திருப்பிச் செருக வேண்டும்.

எர்த் ஒயரை வண்டியின் உடலோடு நேராக இறுகியிருக்கும் போல்ட் ஒன்றில், பெயின்ட் இல்லாத உலோகம் தொடும்படி கட்டுங்கள். 0.75 சதுர மில்லிமீட்டர் ஒயர் இந்த மின்னோட்டத்துக்குத் தாராளம். மாற்றிப் பெட்டியைக் காற்றுப் படும் இடத்தில் ஒட்டுங்கள். பஞ்சுக்கும் கார்பெட்டுக்கும் நடுவே புதைக்க வேண்டாம். ஒயர் பெடல்களின் பக்கமோ ஸ்டியரிங் தண்டின் பக்கமோ போகாமலும், பக்கத் தூணுக்குள் கர்ட்டன் ஏர்பேக் (பக்கக் கண்ணாடியை மறைத்து விரிவது) இருக்கும் கார்களில் அதன் குறுக்கே போகாமலும் பார்த்துக்கொண்டு, கேபிள் டைகளால் கட்டி முடியுங்கள்.

சார்ஜ் ஏறவில்லை என்றால்

பவுச்சைக் கழற்றிவிட்டு வைத்துப் பாருங்கள். 3 மில்லிமீட்டருக்கு மேல் தடித்த பவுச், பின்புறம் ஒட்டிய இரும்புத் தகடு, விரல் மாட்டும் வளையம், கார்டு வைக்கும் உறை ஆகியவையே பெரும்பாலான புகார்களின் காரணம். பழைய காந்த ஹோல்டருக்காகப் பவுச்சுக்குள் வைத்த இரும்புத் தகட்டை மறந்துவிட்டு வயர்லெஸ் சார்ஜரில் வைத்தால் அந்தத் தகடுதான் முதலில் கொதிக்கும். வங்கி அட்டை, அலுவலக நுழைவு அட்டை போன்றவற்றைக் கைபேசிக்கும் பேட்டுக்கும் நடுவே வைத்தால் அவற்றின் காந்தப் பட்டையும் சில்லும் பழுதாகலாம். காரின் ஸ்மார்ட் சாவியையும் பேட்டின் பக்கத்தில் வைக்காதீர்கள். சாவி உள்ளே இல்லை என்று வண்டி அறிவிக்கலாம்.

இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள், வயர்லெஸ் முறையில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் ஐபோனிலிருந்தும் மேக்சேஃப் சார்ஜரிலிருந்தும் 30 சென்டிமீட்டருக்கு மேல் தள்ளியிருக்க வேண்டும் என்பது ஆப்பிளின் அறிவுறுத்தல். அப்பா, அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப்போகும் காரில் இதை நினைவில் கொள்ளுங்கள்.

பைக்கில் இதே காந்த ஹோல்டரை மாட்டலாமா என்று கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அதிக சக்தியுள்ள பைக் இன்ஜின்களின் அதிர்வு, கேமராவின் ஆட்டம் தவிர்க்கும் உறுப்புகளைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் 2021-இல் எச்சரித்திருக்கிறது. காரில் அந்தக் கவலை இல்லை.

சட்டம்

வண்டி ஓட்டும்போது கைபேசியைக் கையில் பிடித்துப் பயன்படுத்துவது, 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவின்படி அபாயகரமாக ஓட்டும் குற்றம். 2020 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்த விதித் திருத்தம், ஓட்டுநரின் கவனம் சிதறாத வகையில் வழி பார்ப்பதற்கு மட்டும் இத்தகைய கருவிகளை அனுமதிக்கிறது. ஹோல்டரில் மாட்டிய கைபேசியில் வாட்ஸ்அப் படிப்பது இதில் சேராது. மலை ஏறும் முன் ஆழியாறிலோ பண்ணாரியிலோ வண்டியை நிறுத்தி, வழியைக் குறித்து வைத்துவிடுங்கள். அந்தப் பகுதியின் வரைபடத்தையும் முன்கூட்டியே பதிவிறக்கிக்கொள்ளுங்கள். காட்டுப் பாதையில் சிக்னல் மெலியும்போது கைபேசி கோபுரத்தைத் தேடித் தன் ஒலிபரப்புச் சக்தியைக் கூட்டும், அதுவும் சூடுதான்.

லாரி, டெம்போ ஓட்டுநர்களுக்கு

நாமக்கல், சங்ககிரிப் பக்கத்து லாரிகளில் இருப்பது 24 வோல்ட். இன்ஜின் ஓடும்போது அது 28 வோல்ட் வரை உயரும். ஆகவே அடாப்டரின் மேல் 12–24 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறதா, உள்ளீட்டு உச்ச அளவு 30 வோல்ட்டுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்த்தே வாங்குங்கள். 12 வோல்ட்டுக்கு மட்டுமான கார் அடாப்டர் அங்கே செருகினால் கெட்டுவிடலாம். 24 வோல்ட் அடாப்டர் கிடைக்கவில்லை என்று, தொடராக இணைத்த இரண்டு பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் இழுக்கும் பழக்கம் சில பட்டறைகளில் இருக்கிறது. அப்படிச் செய்தால் ஒரு பேட்டரி எப்போதும் குறைவாகவும் மற்றது அளவுக்கு மீறியும் சார்ஜ் ஆகி, இரண்டுமே விரைவில் கெடும். அதற்குப் பதிலாக 24 வோல்ட்டை 12 வோல்ட்டாக இறக்கும் மாற்றி ஒன்றை ஃபியூஸோடு பொருத்தி, சார்ஜரையும் ஆடியோ செட்டையும் அதிலிருந்தே எடுக்க வேண்டும்.